மணல்நிறக் குட்டியின் தகப்பன்

கார்ணா
1926 மார்ச் 2

அண்ணிக்கு,

ஃபெஸ்டி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். படித்துவிட்டுப் போடுங்கள், பாஸ்டனில் அடுப்பு எங்கும் ஓடிவிடாது.

நீங்கள் கப்பலேறி மூன்று வருடம் ஆகப்போகிறது. அண்ணனைப் புதைத்த மண் காய்வதற்குள் கிளம்பினீர்கள். வாசலில் நின்று என்னிடம் கடைசியாகச் சொன்னது நினைவிருக்கிறதா? "அந்தக் குதிரைய வித்துடு, இல்ல வெட்டிப் போடு. என் புருஷனக் கடல்ல விட்டுட்டுத் தனியாத் திரும்பி வந்த சனியன் அது." நான் விற்கவில்லை, வெட்டவும் இல்லை. அதற்காகத்தான் நீங்கள் கடிதம் போடவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் சளைத்தவனா, போடவில்லை.

அந்தச் சனியன் லீயா நன்றாக இருக்கிறாள். சாம்பல் நிறம் போய் முழு வெள்ளையாகிவிட்டாள், பல் தேய்ந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. அண்ணன் போன அடுத்த வசந்தத்தில் அவள் ஒரு ஆண் குட்டி போட்டாள்.

ஆண் குதிரையோடு சேர்க்க அவளைப் பொலிக்கு நான் கொண்டுபோகவில்லை. அண்ணன் கொண்டுபோனதாக ஒருவரும் பார்க்கவில்லை. வயிறு தெரிந்தபோதே ஊர் வாயைத் திறந்துவிட்டது. அண்ணன் கோல்மன் செத்த அன்று அவள் தனியாகக் கடலில் கிடந்தாளே, அப்போது கடலுக்கடியில் வாழ்கிற பேய்க்குதிரை வந்து சேர்ந்துவிட்டது என்றார்கள். குட்டி பிறந்ததும் அவர்கள் பேச்சு உறுதியாகிவிட்டது. தாய் வெள்ளை, குட்டியோ ஈர மணல் நிறம், பிடரியிலிருந்து வால்வரை முதுகில் ஒரு கறுப்புக் கோடு. இப்படி ஒரு நிறத்தை இந்தப் பக்கம் இன்றைய ஆட்கள் பார்த்ததே இல்லை.

நம் ஊரில் யார் கன்றைப் பார்த்தாலும், யார் குட்டியைப் பார்த்தாலும், "கடவுள் காக்கட்டும்" என்று சொல்லாமல் போகமாட்டார்கள். சொல்லாமல் போனால் கண் பட்டுவிடும், கூப்பிட்டு நிறுத்திச் சொல்ல வைப்போம். இந்தக் குட்டிக்கு இரண்டு வயதாகிறது. இதுவரை ஒரு வாயாவது அதைச் சொல்லவில்லை. கடலுடையதை எதற்குக் கடவுளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள் போல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் கானமாராக் குதிரைகளைக் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். மே மாதம் சந்தைத் திடலுக்கு வந்து ஆண் குட்டிகளைப் பார்த்து, தேறினதைப் பொலிகுதிரையாக எடுத்துக்கொள்வார்கள். பார்வையிட வரும் அதிகாரிக்குக் காலும் தோளும் நெற்றியும் போதும், தகப்பனைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. கவலை ஊர்க்காரர்களுக்குத்தான். ஒரு பெட்டையையும் இதனிடம் விடமாட்டேன் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பெட்டை வராத பொலிகுதிரையைச் சங்கம் வைத்துக்கொண்டு என்ன செய்யும்? காயடித்து, வண்டிக்கு விற்க வேண்டியதுதான். லீயாவுக்கு இனி குட்டி கிடையாது. அண்ணன் கைப்பட்டதில் மிச்சம் இது ஒன்றுதான், அதையும் நான் கத்திக்குக் கொடுக்க வேண்டுமா?

அன்று காலை அண்ணன் எங்கே போனார்? உங்களிடம் ஏதாவது சொன்னாரா? கடல் வற்றினால் தீவுவரை திறந்து கிடக்கும் அந்த மணல்வெளியில் அவருக்கு ஒரு வேலையும் இருக்கவில்லையே.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இதுவரை தள்ளிப்போட்டேன். தண்ணீர் வற்றும்போதெல்லாம் லீயா கரைக்குப் போய் நின்றுவிடுகிறாள். புல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், இழுத்தாலும் வருவதில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தில் மணலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூப்பிடு குரல் வரும். என்ன சொல்கிறது என்று காற்றில் பிடிபடாது. ஆனால் மனிதக் குரல். அது கேட்டதும்தான் அவள் திரும்பி வீட்டுக்கு நடப்பாள். ஊரில் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணி.

ஃபெஸ்டி கோய்ன்

*

பாஸ்டன்
மார்ச் 19

ஃபெஸ்டிக்கு,

அடுப்பில் போடவில்லை. இந்த வீட்டு அடுப்பு எரிவாயு அடுப்பு, கடிதம் போட இடமில்லை.

குதிரைக்குப் பல் தேய்ந்துவிட்டதைப் பற்றி எழுத உனக்கு மூன்று வருடத்துக்குப் பிறகு கை வந்திருக்கிறது. சபீனா இருக்கிறாளா செத்தாளா என்று ஒரு வரி கேட்டாயா? இருக்கிறேன். பெரிய வீடு ஒன்றில் சமையல்காரி. உருளைக்கிழங்கைத் தோலோடு வைத்தால் இவர்களுக்கு ஆகாது.

அவர் எங்கே போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இத்தனை நாள் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு புழுங்கியிருப்பேனா? அன்று காலை எங்களுக்குள் சண்டை. என் தங்கை பயணச் சீட்டு அனுப்புவதாக எழுதியிருந்தாள், இரண்டு பேருக்கும். "நான் வரல. இங்கதான் எனக்கு வேலை இருக்கு" என்றார். "உன் வேலை அந்தக் குதிரைதானே, அதையே கட்டிக்கிட்டு அழு" என்றேன். அவர் எழுந்து வெளியே போனார்.

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். கடற்பாசி அள்ளப் போவதென்றால் லீயாவின் இரண்டு பக்கமும் கூடை கட்டுவார் அல்லவா? கூடைகள் சுவரோரம் கவிழ்ந்தபடியே இருந்தன. வெறும் முதுகோடு அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கழுத்தில் துண்டு இல்லை. கல்யாணத்துக்கு நான் பின்னிக் கொடுத்த நீலத் துண்டு, குளிரோ வெயிலோ கழற்றவே மாட்டார். அதைக் கழற்றி அந்தக் குதிரையின் வாலைச் சுற்றிக் கட்டியிருந்தார். நான் பார்க்கட்டும் என்றே செய்தது போல இருந்தது. என்னையே கழற்றிக் குதிரை வாலில் கட்டிவிட்டாற்போல. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

நீ எல்லாரையும் கேட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கிறாய். ஊர் உன்னிடம் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். கூடை கட்டாமல், யாரிடமும் சொல்லாமல், துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் இறங்குகிறவன் திரும்பி வருவதற்காகப் போவதில்லை. பாதிரியாருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, பூசை முழுக்க என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதைத்தான் நான் கப்பலில் சுமந்து வந்தேன். இங்கே மாவு பிசையும்போதும் அதுதான் மனதில் ஓடும்.

அந்தக் குரல் அவருடையதா? மறைக்காமல் சொல்.

சபீனா

*

கார்ணா
ஏப்ரல் 4

அண்ணி,

வாலைக் கட்டினாரா? துண்டால் வாலைச் சுற்றிக் கட்டியிருந்தாரா? நீங்கள் மீன்காரர் வீட்டில் பிறந்தவர், உங்களுக்கு எப்படித் தெரியும்! மூன்று வருடமாக அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்களே!

பெட்டைக்கு வாலைச் சுற்றிக் கட்டுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பொலிக்குக் கொண்டுபோகும்போது. முடி குறுக்கே வந்து பொலிகுதிரையை அறுத்துவிடக் கூடாது என்று கட்டுவோம். கூடை கட்டாததும் அதற்காகத்தான், சுமையோடு எந்தப் பெட்டையும் நிற்காது. கையில் துணி அகப்பட்டிருக்காது, கழுத்தில் இருந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார். அண்ணி, அவர் குதிரையைப் பொலிக்குக் கொண்டுபோயிருக்கிறார். வேறொன்றும் இல்லை.

இதை எழுதிவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். எந்தப் பொலிக்கு என்று யோசித்ததும் சந்தோஷம் இறங்கிவிட்டது.

அரசாங்கப் பொலிகுதிரை கிழக்கே குறுக்குச் சாலையில் நிற்கிறது. அண்ணனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "நெட்டைக் கால்காரன். அவன் குட்டிங்க சதுப்புல நாலு எட்டு வெச்சா முழங்கால் வரை இறங்கிடும். பந்தயத்துக்குப் பிறந்தது கல்லுச் சுமக்குமா?" என்பார். வேல்ஸிலிருந்து ஒன்று, இங்கிலாந்திலிருந்து ஒன்று என்று ஐயாமார் கொண்டுவந்து கலந்து கலந்து, நம் குதிரையின் குட்டைக் காலும் அகன்ற நெற்றியும் போய்க்கொண்டிருக்கிறது என்று புலம்புவார். ஸ்பெயின் கப்பல் உடைந்து நீந்திவந்த குதிரைதான் நம் குதிரைக்குப் பாட்டன் என்று யாராவது அளந்தால் சிரிப்பார். "நீந்தி வந்ததோ, நடந்து வந்ததோ. இந்தப் பாறையும் பட்டினியும் சேர்ந்து செஞ்ச குதிரை இது. செஞ்சதக் கெடுக்காம இருந்தாப் போதும்."

மணலைத் தாண்டிப் போனால் தீவு மட்டும்தான். தீவில் இருப்பது ஒரே வீடு, மக்டாரா ஃபோலன் வீடு. அவனிடம் பழைய பொலிகுதிரை ஒன்று இருக்கிறது என்று கேள்வி, தீவை விட்டு அதை வெளியே கொண்டுவராததால் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அங்கே போனாரா? எங்கள் அப்பாவும் அவன் அப்பாவும் கடற்பாசி அறுக்கும் பங்குக்காக மண்டையை உடைத்துக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். சாகும்போது அப்பா எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்து வாங்கின சத்தியம், ஃபோலன் வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. அந்த வீட்டிலும் அதே சத்தியம். கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டாலும் இருமலைக்கூட அடக்கிக்கொள்வோம். அண்ணன் அப்பா சொல்லைத் தட்டியதே இல்லை, அதுவும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

நான் எப்படிப் போய்க் கேட்பேன்? நீங்களே சொல்லுங்கள்.

ஃபெஸ்டி

*

பாஸ்டன்
ஏப்ரல் 17

ஃபெஸ்டி,

ஒரு வார்த்தை பேசினால் உன் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவாரா? அப்படிச் செத்தவர்கள் வருவதாக இருந்தால் முதலில் என் புருஷன் வந்திருக்க வேண்டும்.

உனக்கு வேண்டியது குட்டியின் தகப்பன். எனக்கு வேண்டியது, அவர் சாகத்தான் போனாரா என்பது. இரண்டுக்கும் பதில் ஒரே ஆளிடம் இருக்கிறது. நீ கரையில் நின்று கேட்கிற குரலும் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது? போ. போய்க் கேள். கேட்காமல் எனக்கு இனி ஒரு வரி எழுதாதே.

ஒரு குதிரை எத்தனை மாதம் சுமக்கும்? உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. அதையும் எழுது.

சபீனா

*

கார்ணா
மே 3

அண்ணி,

போனேன்.

லீயாவோடு குட்டியையும் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனேன். தாய் வழக்கம்போல நின்றுவிட்டாள். நான் குட்டியின் தலைக்கயிற்றைப் பிடித்தபடி பாறையில் உட்கார்ந்தேன். போகலாம், வேண்டாம், போகலாம் என்று உட்கார்ந்தே நேரத்தைத் தின்றுவிட்டேன். நடுமணலுக்கு வந்தபோது குறுக்கே ஓடும் கடல் ஓடையில் தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது. அப்போது தீவிலிருந்து குரல் கிளம்பியது. அவ்வளவு கிட்டத்தில் அதை நான் கேட்டதில்லை. குட்டியின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தேன்.

"தண்ணி திரும்பிருச்சு! திரும்பி வா! திரும்பி வா!"

மக்டாரா ஃபோலன்தான். மேட்டில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்திக்கொண்டிருந்தான். மணலில் ஒரு ஆள் குதிரையோடு நடப்பதைப் பார்த்ததும் குரல் அலறலாகிவிட்டது. மேட்டிலிருந்து விழுந்து எழுந்து ஓடிவந்தான். நானும் ஓடினேன். முழங்கால் அளவு தண்ணீரில் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தபோது அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எனக்கு அண்ணன் சாயல் என்று நீங்களே சொல்வீர்கள்.

"வந்துட்டேன், வந்துட்டேன். ஏன்யா கத்துற?" என்றேன். யார் முதலில் பேசினது என்று கணக்கு வைக்க முடியாதபடி ஆகிவிட்டது. அப்பா மன்னிப்பாராக.

"கோல்மனா?" என்றான்.

"இல்ல. ஃபெஸ்டி."

அவன் அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். நான்தான் கையைப் பிடித்துத் தூக்கி இழுத்துப் போனேன். இனி கடல் இறங்கும் அடுத்த வற்றம் வரை நான் தீவில்தான், அவனும் என்னை விட்டு ஓட முடியாது.

வேலிக்குப் பின்னால் அந்தக் கிழட்டுப் பொலிகுதிரை நின்றது. ஈர மணல் நிறம், முதுகில் கறுப்புக் கோடு, ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. குட்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டும் ஒரே அச்சு. கேட்க வேண்டிய கேள்வி அதோடு முடிந்துவிட்டது. மற்றதை அவனாகவே சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வாசல்ல வந்து நின்னான். பேசல. பெட்டையோட வால் கட்டியிருந்துச்சு, எதுக்கு வந்திருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. நானும் பேசல. குதிரைய அவுத்துட்டு வந்தேன். அவன் பெட்டையப் பிடிச்சான், நான் இவனப் பிடிச்சேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாம காரியம் முடிஞ்சுது. துண்ட வால்லேருந்து உருவி அந்தச் சுவர் மேல வெச்சான். இவன் கழுத்தத் தட்டிக் கொடுத்தான். என்னப் பாத்துச் சிரிச்சான். என் வீட்டு வாசல்ல உங்க வீட்டு ஆளு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அப்புறம் கிளம்பிட்டான், அவசரம். வீட்டுக்குப் போற அவசரம் மாதிரி இருந்துச்சு."

"அப்புறம்?"

"துண்ட மறந்துட்டான். சுவர்லயே கிடந்துச்சு. கூப்பிட வாய் வந்துருச்சு, ஃபெஸ்டி. நிமிந்து பாத்தா ஓடையில தண்ணி திரும்பியிருக்கு. மேட்டுல நிக்கிற எனக்குத் தெரியுது, பள்ளத்துல போற அவனுக்குத் தெரியாது. கூப்பிட்டா நான்தான் முதல்ல பேசுனவன் ஆயிடுவேன். அவனே பாத்துக்குவான்னு நின்னேன். பாத்தான், பாதி மணலுக்கு அந்தப் பக்கம் போனப்புறம். பெட்டைய முன்னால நீந்த விட்டு வாலப் பிடிச்சுக்கிட்டான். நான் படகுக்கு ஓடினேன். படகு தீவோட அந்தப் பக்கம் கிடந்துச்சு. நான் தள்ளிக்கிட்டு வர்றதுக்குள்ள அது தனியாத்தான் நீந்திக்கிட்டிருந்துச்சு."

இதைச் சொல்லி முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்குக் கத்தாதத இப்ப தெனம் கத்துறேன். ராத்திரி வற்றத்துக்கு எழுந்திருக்க முடியல, பகல்லதான் கத்துறேன்."

அவனை அடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அண்ணி, நான் அவன் இடத்தில் நின்றிருந்தால் கத்தியிருப்பேனா? எவ்வளவு யோசித்தும் ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் அவன் கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டு, அடுத்த வற்றத்தில் திரும்பினேன். கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னேன். "பத்தொன்பதாம் தேதி சந்தைத் திடல்ல பார்வை. தகப்பன் யாருன்னு ஊர் முன்னால நீ வந்து சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டாங்க." அவன் வேலிக் கதவைச் சாத்தப் போய்விட்டான்.

துண்டு அவனிடம்தான் இருந்தது. இத்துடன் பொட்டலமாக அனுப்புகிறேன். முடிச்சை அவிழ்க்காமல் வளையமாக உருவியிருக்கிறார், அப்படியே இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பதினோரு மாதம்.

ஃபெஸ்டி

*

பாஸ்டன்
மே 15

பொட்டலம் வந்தது. முடிச்சில் லீயாவின் வால் முடி நாலு இழை சிக்கியிருக்கிறது. அவிழ்க்கவில்லை, அவர் கை போட்டது.

பதினோரு மாதம். சாகப்போகிறவன் அடுத்த வசந்தத்துக்குக் குட்டி கேட்டு நிற்கமாட்டான். துண்டு வைத்திருந்த காகிதத்தை மடித்து வைத்தேன், விரித்தேன், மறுபடி மடித்தேன். இந்த வீட்டம்மா வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். வெங்காயம் என்றேன்.

வீட்டுக்குப் போற அவசரம் என்று அவன் சொன்னானா? அப்படியேதான் சொன்னானா? நீயாகச் சேர்த்து எழுதவில்லையே?

ச.

*

கார்ணா
மே 29

அண்ணி,

நான் எதையும் சேர்க்கவில்லை. எனக்குச் சேர்த்து எழுதத் தெரிந்திருந்தால் இந்நேரம் ஒரு பெண்ணாவது என்னைக் கட்டியிருப்பாள்.

பார்வை நாளைப் பற்றிச் சொல்கிறேன். திடலில் குதிரை கொள்ளவில்லை. எங்கள் குட்டியைச் சுற்றி மட்டும் நல்ல காற்றோட்டம், யாரும் நெருங்கவில்லை. பார்வையிட அதிகாரி வந்தார். காலைத் தடவினார், குளம்பைத் தூக்கினார், நெற்றி அகலத்தைக் கையால் அளந்தார், நடக்கச் சொன்னார். எழுத்தரிடம், "இப்படிப்பட்டதத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார். பிறகு என்னிடம், "இதோட தகப்பன் யாரு?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து பேட்சி மானியன், அவனுக்கு வாய் சும்மா இருக்காதே, "கடலத்தான் கேக்கணும் ஐயா, கோய்ன் வீட்டுக் குதிரைக்கெல்லாம் பெரிய இடத்துச் சம்பந்தம்" என்றான். திடலே சிரித்தது. நான் சொல்லி எவன் நம்புவான்?

கூட்டம் தானாகப் பிளந்தது. மக்டாரா வந்துகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, முழங்கால் வரை ஈரம். மணல் வழியாக நடந்தே வந்திருக்கிறான். என் பக்கத்தில் வந்து நின்றான். ஃபோலனும் கோய்னும் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"தகப்பன் என் குதிரை" என்றான். கத்திக் கத்திக் கெட்டுப்போன குரல், ஆனாலும் கடைசி ஆள்வரை கேட்டது. "கோல்மன் கோய்ன் தன் கையால பெட்டையப் பிடிச்சுக்கிட்டு வந்தான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். கடலும் இல்ல, பேயும் இல்ல. கடலுக்கு அவன நான் கொடுத்தேன். தண்ணி திரும்புறதப் பாத்துக்கிட்டே வாயத் திறக்காம நின்னேன். பேசக்கூடாதுன்னு சத்தியம். இதோ, இப்பப் பேசிட்டேன்."

பேட்சி மானியன் தொப்பியைக் கழற்றினான்.

மக்டாரா கண் படாமலிருக்க உள்ளங்கையில் துப்பி, குட்டியின் நெற்றியில் வைத்தான். "கடவுள் காக்கட்டும்" என்றான். குட்டி தலையைக் கூட ஆட்டவில்லை. பிறகு பேட்சி வந்தான், கை வைத்தான், சொன்னான். அவனுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர். இரண்டு வருடக் கடனை ஊர் ஒரே நாளில் தீர்த்துவிட்டது, அண்ணி. அதிகாரி ஐயா ஒன்றும் புரியாமல் நின்று, கடைசியில் தானும் தொப்பியைக் கழற்றினார்.

குட்டி தேறிவிட்டது. இங்கேயே பொலிக்கு நிற்கும். பேட்சியே தன் பெட்டையை முதலில் விடுவதாகச் சொல்லியிருக்கிறான். பாதிரியாரும் கூட்டத்தில் இருந்தார். அண்ணனுக்கு ஒரு பூசை வைக்கிறேன், நேராக முகம் பார்த்து வைக்கிறேன் என்று அவராகவே வந்து சொன்னார்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

நேற்று மக்டாரா முதல்முறையாக நம் வீட்டுக்குள் வந்தான். அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். பட்டப்பகல், கதவு திறந்திருந்தது. லீயா கரையில் நிற்பது வாசலிலிருந்து தெரிந்தது. பேச்சு குதிரையைப் பற்றித்தான், வேறு என்ன பேசுவோம். தண்ணீர் ஏறும் நேரம் ஆனது. "இன்னிக்குக் கத்த ஆளில்ல, உன் பெட்டை ஏமாந்துபோவா" என்று சிரித்தான்.

அப்போது தீவிலிருந்து குரல் கேட்டது.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "நான் இங்கதானடா இருக்கேன்" என்றான். தீவில் வேறு ஆள் கிடையாது. லீயா எப்போதும்போலத் திரும்பி வீட்டுக்கு நடந்து வந்தாள். நானும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காற்றாக இருக்கும் என்று அவன் சொன்னான். ஆமாம் என்றேன். இரண்டு பேரும் பொய் சொன்னோம்.

சங்கத்துக் குறிப்பில் பெயர் இடம் காலியாக இருக்கிறது. என் அண்ணி வைப்பார் என்று சொல்லிவிட்டு வந்தேன், தபாலில் அனுப்பச் சொன்னார்கள். ஆங்கிலம் வேண்டாம், நம் மொழிப் பெயராகவே இருக்கட்டும். கூப்பிட வசதியாக இருந்தால் நல்லது, எவ்வளவு தூரம் மேய்கிறான் தெரியுமா?

உங்கள் அறையை அப்படியே வைத்திருக்கிறேன். சும்மா சொல்லிவைக்கிறேன்.

ஃபெஸ்டி

*

பாஸ்டன்
ஜூன் 12

தம்பி ஃபெஸ்டிக்கு,

காற்று என்று நீங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் பேசி முடிவுசெய்ததைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அது யாராக இருந்தாலும் அவர் பயமுறுத்தவில்லை. தண்ணீர் திரும்பிவிட்டது, நேரத்தோடு வீடு போய்ச் சேருங்கள் என்றுதான் சொல்கிறார். கோல்மன் எப்போதும் அப்படித்தான், தான் நனைந்துகொண்டு நின்று மற்றவர்களை உள்ளே போகச் சொல்வார். அவரை அப்படியே இருக்க விடு. மக்டாராவிடம் சொல், அவன் இனி கத்த வேண்டாம். அவன் தொண்டை ஓய்வெடுக்கட்டும்.

ஆனால் அவரை யாரும் கூப்பிடவில்லை. அன்று அவனும் கூப்பிடவில்லை, நானும் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் ஊரையே கூப்பிடுகிறார், அவரைக் கூப்பிட ஒருவரும் இல்லை.

குட்டியின் பெயர் ‘திரும்பி வா’. இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதச் சொல். இது குதிரைப் பெயரா என்று எழுத்தர் கேட்டால், சமையல்காரி வைத்தாள் என்று சொல்லு.

அவன் தூரம் மேய்கிறவன் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் தினமும் சாயங்காலம் நீயோ மக்டாராவோ யாராவது ஒருவர் அந்தக் கரையில் நின்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். வெட்கப்படாமல், ஊர் கேட்கும்படி, நல்ல சத்தமாகக் கூப்பிடுங்கள். நாளைக்கு அவன் குட்டிகளில் ஒன்றுக்கும் அதே பெயரை வையுங்கள். அதற்குப் பிறகு அதன் குட்டிக்கும்.

என் அறையைப் பற்றி எழுதியிருந்தாய். இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் செய். அவனைக் கூப்பிடும்போது மேற்கே பார்த்துக் கூப்பிடு. தீவும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, நானும் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன்.

அண்ணி
சபீனா